வெளியேறிய பதிவு இல்லை

இடுப்பில் நடைப்பாலக் கருவி பொருத்திய இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு, பூங்கோதையின் கால்கள் அவளைக் கேட்காமல் பின்னோக்கி நடந்தன.

அடுப்படிக்குப் போகவேண்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்ததும் கால்கள் கிளம்பின. அவள் கணவன் தேவராசு அப்போதுதான் கூடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தான். ஈரத்தில் பாதம் பட்டதும் வலது கால் நின்றது. இடது கால் அதனருகே வந்து சேர்ந்தது. பிறகு இரண்டும் பின்னால் நகரத் தொடங்கின. பின்னால் ஓரெட்டு, இடப்பக்கம் சரிந்து அரையெட்டு. பின்னால் ஓரெட்டு, வலப்பக்கம் சரிந்து அரையெட்டு. அவசரமே இல்லை. அளவும் பிசகவில்லை. முதுகு சுவரில் முட்டுவதற்கு முன் தாமாகவே திரும்பி அடுத்த வரிசையைப் பிடித்தன.

இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி கிடையாது. அதனால் தான் நடப்பதாகவே தெரியவில்லை. வீடுதான் தன்னைச் சுற்றி மெல்ல ஊர்வதுபோல் இருந்தது.

"ஏனுங்க! இங்க வாங்க!"

தேவராசு ஓடிவந்தான். லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்றவன். எந்த அசைவையும் அளந்து பார்க்கும் கண். "நில்லுன்னு நெனை கோதை, கெட்டியா நெனை" என்றான். நினைத்தாள். கால்கள் நின்றன. அவன் குனிந்து ஈரத்தரையில் பதிந்திருந்த தடங்களைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

"நீ மாப்பு போடற. கையில குச்சிதான் இல்ல."

அன்று மதியமே பாலம் பொருத்திய மையத்துக்குப் போனார்கள். அங்கே டெக்னீஷியன் ஜோதிபாசு நல்ல பையன். முதுகுத்தண்டு நரம்பு அறுந்தவர்களுக்கு இடுப்பில் வில்லை பதித்து நடக்க வைப்பது அவன் வேலை. பூங்கோதை முதன்முதலாக எழுந்து நின்ற அன்று அவளைவிட அதிகமாக அழுதவன் அவன்தான்.

"தம்பி, இது யாரோட காலு?" என்று கேட்டாள்.

"கால் உங்களுதுதானுங்க்கா. நடைதான் இன்னொருத்தரோடது." அவன் தயங்கினான். "மூளை 'போ'ங்கும். அந்தச் சேதி அறுந்த எடத்தத் தாண்டாது. பாலம் அத வாங்கிட்டு, பதிவு பண்ணி வெச்ச ஒரு நடையை உங்க காலுக்கு ஓட்டும். உங்க நடையே இருந்திருந்தா அதையே போட்டிருக்கலாம். விழறதுக்கு முன்னாடி யாரு தன்னோட நடையைப் பதிஞ்சு வெக்கறாங்க?"

"அந்த இன்னொருத்தர் யாரு?"

"சொல்லக்கூடாதுங்க்கா. சட்டம். நாலு மாசம் சென்சார் சாக்ஸ் போட்டுக்கிட்டு வேலைக்கும் போயி வீட்டுலயும் இருந்தவங்க. நடையை விக்க வர்றவங்க பெரும்பாலும் நாளெல்லாம் நின்னு நடந்து பொழைக்கறவங்கதான். உங்க உயரம், எடை, எலும்பு அளவுக்கு இந்த ஊருல மொத்தமே ஒம்பது நடைதான் இருந்துச்சு. அதுல ஏழு, கூட்டித் தொடைக்கறவங்களோடது."

"ஈரத்தப் பாத்தா வேல செய்யுதே, தம்பி."

"பாக்காதுங்க்கா. தரையோட சாய்வு, அதிர்வு, வழுக்கல் இதெல்லாம் அதுக்குத் தெரியும். பழகுன தரை மாதிரி பட்டா பழைய பழக்கம் வந்துரும். நீங்க கவனமா இருந்தா நீங்க நடப்பீங்க. கவனம் தப்புனா அவங்க நடப்பாங்க."

கடைசி வாக்கியத்தை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பூங்கோதைக்கு அது நாலைந்து நாள் காதிலேயே நின்றது.

அவள் ரவிக்கை தைப்பவள். மூன்று வருடத்துக்கு முன், தீபாவளிக்கு ஏழெட்டு நாள் இருக்கையில், லைனிங் துணி எடுக்கப் புறவழிச்சாலையில் இருக்கும் ஏழு மாடி ஜவுளிக்கடைக்குப் போனாள். மூன்றாம் தளத்தில் நகரும் படியை ஒட்டிய தூணருகே வலது கால் முன்னால் போய்விட்டது. கூரையின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. துணி அடுக்கும் மேடையின் விளிம்பு இடுப்பில் பட்ட சத்தத்தை அவள் காதால் கேட்டாள். தலையைத் திருப்பியபோது தரை பளபளத்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் யாரோ துடைத்துவிட்டார்கள்.

நுகர்வோர் கோர்ட்டில் அவள் போட்ட வழக்குக்குக் கடைக்காரர்களின் பதில் ஒரே பக்கம்தான். தரை காய்ந்திருந்தது. அந்தம்மாவின் செருப்பு தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் இதற்கு முன் யாரும் விழுந்ததே இல்லை. கேமராவில் தூண் மறைத்தது.

"தண்ணி இருந்ததுன்னு காட்டினா மட்டும் போதாது பூங்கோதை" என்று அவளுடைய வக்கீல் நூர்ஜஹான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஐம்பது தாண்டியவர், விபத்து வழக்குகளிலேயே ஊறியவர். "தண்ணி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் விட்டாங்கன்னு காட்டணும். 'இதுக்கு முன்னாடி யாரும் விழலை'ங்கற அந்த ஒரு வரியை உடைக்கணும்."

அதற்காகத்தான் இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு கமிஷனரைக் கேட்டு வாங்கினார். கோர்ட் ஓர் இளம் வக்கீலை நியமித்தது. விழுந்த இடத்தைப் பூங்கோதையே வந்து காட்டவேண்டும் என்று உத்தரவு.

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, பதினொரு மணி. கடையில் கூட்டமில்லை. மேனேஜர் வாசலிலேயே வந்து கும்பிட்டு அழைத்துப்போனார். பூங்கோதை மூன்று வருடம் கழித்து அந்தக் கடைக்குள் கால் வைக்கிறாள். விழுந்த நாளையே நினைத்ததில் கால்களைப் பற்றிய கவனம் விட்டுப்போனது. கால்கள் நகரும் படியைத் திரும்பியும் பார்க்காமல் இடதுபக்கம் ஒடித்து, உடை மாற்றும் அறைகளைத் தாண்டி, ஒரு குறுகலான படிக்கட்டின் முன் போய் நின்றன.

"இங்க படி இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" நூர்ஜஹான் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க வக்கீலம்மா."

தேவராசு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் மங்கியது.

மூன்றாம் தளத்தில் தூண் அப்படியே இருந்தது. "விழுந்த இடத்துல போய் நில்லுங்கம்மா" என்றார் கமிஷனர். நடந்தாள். தூணுக்கு மூன்றெட்டு முன்னால் கால்கள் வளைந்தன. அரைவட்டமாகச் சுற்றி, அந்தப் பக்கம் போய், மறுபடி நேர்க்கோட்டைப் பிடித்தன. திரும்பி வரச் சொன்னார். திரும்பும்போதும் அதே வளைவு. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு 'நேரா, நேரா' என்று நினைத்தாள். கால்கள் தூணருகே நின்றுவிட்டன.

"வெரல மடக்குது" என்றான் தேவராசு தாழ்ந்த குரலில். செருப்புக்குள் பத்து விரல்களும் தரையைக் கவ்விப் பிடிப்பதுபோல் சுருண்டிருந்தன.

கமிஷனர் முழங்காலிட்டு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். வரிசையில் ஒரு பலகை மட்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக, புதிதாக இருந்தது. எழுதிக்கொண்டார்.

மேனேஜர் ஏதோ ஆட்சேபம் சொல்ல, நூர்ஜஹான் பதில் சொல்ல, பேச்சு வளர்ந்தது. பூங்கோதை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது கவனம் தப்பியது என்று தெரியவில்லை. கண்ணாடிச் சுவர் பக்கவாட்டில் நகர்ந்தது. கைப்பிடி இல்லாத ஒரு சாம்பல்நிறக் கதவு எதிரே வந்தது. வங்கியிலும் ரயில் நிலையத்திலும் இருப்பதுபோல், ஆள் நடந்து வரும் நடையை வைத்தே அடையாளம் பார்க்கும் கதவு.

அது திறந்துகொண்டது.

மேலே சின்னத் திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன. வணக்கம், மயிலாத்தாள். துப்புரவு, மூன்றாம் தளம். அதற்குக் கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி: கடைசியாக உள்ளே வந்தது, அக்டோபர் 9, காலை 8.52. வெளியேறிய பதிவு இல்லை.

பூங்கோதை விழுந்தது அந்த அக்டோபர் இருபதாம் தேதி.

"அது பழைய சிஸ்டமுங்க. கண்டபடி காட்டும்" என்றார் மேனேஜர். கமிஷனர் அதற்குள் திரையைப் படம் எடுத்துவிட்டார்.

"உள்ள போன பொம்பள எங்கீங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

உள்ளேயிருந்து பினாயில் வாசனையோடு குளிர்ந்த காற்று வந்தது. கால்கள் அவளை அந்தச் சிறிய அறைக்குள் கொண்டுபோயின. வாளிகள், துடைப்பங்கள், சுவரில் ஆணிகள். கடைசி ஆணிக்கு நேரே போய் நின்றன. பை மாட்டிவிட்டுப் புடவையைச் சொருகிக்கொள்ளும் நேரம் அளவுக்கு நின்றுவிட்டுத் திரும்பின. நிலையைத் தாண்டியபோது திரையில் எழுத்து மாறியது. வெளியேறினார்: 11.40. நன்றி, மயிலாத்தாள்.

பூங்கோதையின் உடம்பில் உணர்ச்சி இருந்த பாதி சிலிர்த்தது.

மயிலாத்தாளைக் கண்டுபிடிக்க நூர்ஜஹானுக்கு ஒரு வாரம் ஆனது. சிங்காநல்லூருக்கு அப்பால் ஒரு லைன் வீடு. காரில் போகும்போது வக்கீலம்மா வழக்கத்துக்கு மாறாக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்.

"அந்தம்மா அதே எடத்துல, உங்களுக்குப் பதினோரு நாள் முன்னாடி விழுந்திருக்காங்க. நடக்க முடியாது. அவங்க சாட்சி சொன்னா கேஸ் நம்ம பக்கம். ஆனா ஒண்ணு இருக்கு. நடையை வித்தவங்க பின்னால விபத்துல நடக்க முடியாமப் போயிட்டா, அந்த விபத்து கோர்ட்டுல நிரூபணமான நாள்லேருந்து தொண்ணூறு நாளைக்குள்ள தன் நடையைத் திருப்பிக் கேக்கலாம். கேட்டா கொடுத்தாகணும். அவங்களுக்குப் பாலமும் அரசாங்கமே வெச்சுக் கொடுக்கும்."

"ரெண்டு பேரும் வெச்சுக்க முடியாதுங்களா?"

"முடியாது. இப்ப நடைதானே கையெழுத்து? ஒரு நடை ஒரு உடம்புக்குத்தான்."

"எனக்கு வேற நடை?"

"ஜோதிபாசுகிட்ட கேட்டேன். ஒரு நடைக்குப் பழகுன நரம்பு இன்னொண்ணை ஏத்துக்கறது பாதிக்குப் பாதிதானாம்." அவர் இப்போது திரும்பிப் பார்த்தார். "அவங்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. நான் உங்க வக்கீல். சொல்றதும் சொல்லாததும் உங்க கையில."

கார் சந்துக்குள் நுழையவில்லை. இறங்கினார்கள். நூர்ஜஹான் கதவு எண்ணைத் தேட, கால்கள் தேடவில்லை. சாக்கடை மூடியைத் தாண்டி, குழாயடியில் ஒதுங்கி, நான்காவது கதவுக்குத் திரும்பின.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல். "யாரு?" என்று கேட்டுவிட்டு நின்றது. பிறகு பயந்துபோனதுபோல் தணிந்தது. "யாருங்க அது? அது என்ற நடையாச்சே?"

திறந்த கதவுக்குள் இரும்புக் கட்டில். அதில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், தலையணையில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். பூங்கோதை வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் கால்கள் அவளைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், திருப்பி, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டன. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிற உட்காரல் அது. பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

மயிலாத்தாள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படித்தானுங்க ஒக்காருவேன்" என்றாள்.

வழக்கைப் பற்றி நூர்ஜஹான் சொன்னார். மயிலாத்தாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"மேல ஏசி பைப்பு ஒழுகுமுங்க. சூப்பர்வைசருகிட்ட ஆறு தரம் சொன்னேன். தீபாவளி யாவாரம் முடியட்டும்னாரு. நானும் தொடச்சுத் தொடச்சுப் பாத்து, பொறவு சுத்திப் போய்ப் பழகிட்டேன். அன்னிக்கு ஒரு கொழந்த குறுக்க ஓடியாந்துது. ஒதுங்குனேன். வெக்காத எடத்துல கால வெச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கூட்டம் பாக்குமுன்னு, துணிமூட்டை ஏத்தற லிப்டுல எறக்குனாங்க. வூட்டுல விழுந்தேன்னு கான்ட்ராக்ட்காரரு கைநாட்டு வாங்கிட்டாரு."

"நீங்க ஏன் கேஸ் போடலை?" என்று கேட்டார் நூர்ஜஹான்.

"தரை வழுக்காமப் பாத்துக்கறதுதானுங்க என்ற வேல. என்ற வேலயில நானே விழுந்தா, யாரு மேல போடறதுங்க?"

சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாள். கிளம்பும்போது நூர்ஜஹான் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மிணி, ஒரு ஒவகாரம்" என்றாள் மயிலாத்தாள். "போறப்ப மெதுவாப் போங்க. நான் பின்னாலேருந்து என்ற நடையைப் பாத்ததே இல்லீங்க."

மயிலாத்தாளை ஸ்ட்ரெச்சரில் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடையின் வக்கீல் கெட்டிக்காரர். கதவின் பதிவேட்டையே எடுத்து நீட்டினார். "உள்ளே வந்தது அக்டோபர் ஒன்பது. வெளியே போனது இந்த மார்ச், பதினொன்று நாற்பது, நடந்து. அந்தம்மா நடந்துதான் போயிருக்கிறார் என்று எங்கள் கதவே சொல்கிறது." நீதிபதி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூங்கோதையின் கால்களைப் பார்த்தார். அறையில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கமிஷனர், கதவு 'வெளியேறிய பதிவு இல்லை' என்று காட்டியபோது தான் எடுத்த படத்தை மேசைமேல் வைத்தார்.

தீர்ப்பு பூங்கோதை பக்கம் வந்தது. ஒழுகலைத் தெரிந்தே விட்டார்கள். பதினோரு நாள் முன்பே ஒருத்தி விழுந்ததை மறைத்தார்கள். இரண்டாமவள் விழுந்ததற்கு முழுப்பொறுப்பும் கடையினுடையது. மயிலாத்தாளின் விபத்து நிரூபணமானது என்று தனியாக ஒரு பத்தி இருந்தது. தேவராசு அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்துவைத்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பூங்கோதை சிங்காநல்லூருக்குப் போனாள். "காலு இழுத்துட்டுப் போகுதுங்க" என்று கணவனிடம் சொன்னாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். பஸ் ஏறுவது கால்களின் பழக்கமில்லை. ஒவ்வொரு படியையும் அவள்தான் நினைத்து நினைத்து ஏறினாள். மயிலாத்தாளுக்கு இரண்டு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். தலை சீவிவிட்டாள். கதவிலிருந்து குழாயடிவரை போய்வரச் சொல்வாள் மயிலாத்தாள். போய்வருவாள். சில நாள் மயிலாத்தாள் ரசித்துப் பார்த்தாள். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள், "எடது காலு கொஞ்சம் தேயுதுங்க, முன்னெல்லாம் இல்ல" என்றாள், கடன் கொடுத்த பாத்திரத்தில் நசுங்கலைக் கண்டதுபோல்.

வாரம் வாரம் பூங்கோதை அந்தச் சட்டத்தைச் சொல்லத் தொடங்கி, பேச்சை மழைக்கும் விலைவாசிக்கும் மாற்றினாள். தீர்ப்பு வந்து எழுபது நாள் போனது. எண்பது போனது. வீட்டில் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே இன்னொருத்தி நின்றுகொண்டு, மேலே இருப்பவள் எப்போது வாய் திறப்பாள் என்று காத்திருப்பதுபோல் தோன்றியது. 'நில்' என்று நினைக்காமலே கால்கள் நின்ற நேரங்களும் உண்டு.

எண்பத்தெட்டாம் நாள் சனிக்கிழமை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் மடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சட்டம், தொண்ணூறு நாள், காரில் வக்கீலம்மா கேட்டது, தான் காலண்டரைப் பார்த்தது.

"தெரியுமுங்க" என்றாள் மயிலாத்தாள்.

பூங்கோதை நிமிர்ந்தாள்.

"தீர்ப்பு வந்த மூணாம் நாளே நடை வாங்குன கம்பெனி ஆளு வந்துட்டாரு. திருப்பிக் கேக்காம இருந்தா கவனிச்சுக்கறோம்னாரு. எந்திரிச்சுப் போய்யான்னேன்." தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு காகித உறையை எடுத்தாள். "தங்கச்சிய வெச்சு மனு எழுதிட்டேன். கைநாட்டும் வெச்சாச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்களான்னு பாத்துட்டிருந்தேன். இன்னிக்குஞ் சொல்லாட்டி, நாளன்னிக்குக் காலையில தங்கச்சி கொண்டுபோய்க் குடுத்திருக்கும்."

"கோவமா?"

"இருந்துச்சுங்க. இப்ப இல்ல." அவள் உறையைப் பூங்கோதையின் மடியில் வைத்தாள். "நீங்க நல்லவங்கதான். ஆனா என்ற நடை எனக்கு வேணுமுங்க."

திங்கட்கிழமை காலை நூர்ஜஹானின் ஆபீஸ் திறந்தபோது பூங்கோதை வாசலில் நின்றிருந்தாள். ஆபீஸ் இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. முப்பத்தாறு படி ஏறியதில் முகமெல்லாம் வேர்வை. உறையை மேசைமேல் வைத்தாள்.

வக்கீலம்மா பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதைக் கொடுத்தனுப்பியிருக்கலாமே பூங்கோதை. நீங்களே ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

"நடந்து வந்து குடுக்கோணும்னு இருந்துச்சுங்க."

நூர்ஜஹான் மனுவில் முத்திரை வைத்து, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டார். இன்றுதான் கடைசி நாள், இன்றே கொடுத்துவிடுகிறேன், ஒரு மாதத்துக்குள் அழைப்பார்கள் என்றார். வேறு நடை பொருந்தும்வரை விடமாட்டேன், அந்தப் பாதிக்குப் பாதி வாய்ப்பையும் கேட்டு வாங்குவேன் என்றார். பூங்கோதை தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

"தேவராசு வந்திருக்காரா? கீழ எப்படிப் போவீங்க?"

பூங்கோதை படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். கவனத்தைக் கூட்டிக்கொள்ளவில்லை, கால்களைத் தம் போக்கில் விட்டாள்.

"இன்னிக்கு நடந்துதானுங்க."